மரத்துக்கு அச்சாரம்

இந்த நாட்டில் மரத்தை வெட்டிக்கொண்டு போகிறவனுக்கு மரத்தின் சொந்தக்காரர் காசு கொடுக்கிறார். கனடாவுக்கு வந்து எத்தனையோ குளிர்காலம் கழிந்த பிறகும் இது எனக்கு முழுதாகச் செரிக்கவில்லை. முதன்முதலாக என் கணவரோடு வேலைக்குப் போன நாளில், ஒரு வெள்ளைக்கார அம்மாவின் முற்றத்து மேப்பிள் மரத்தை ஆட்கள் துண்டு துண்டாக இறக்கி, அடிமரத்தையும் லொறியில் ஏற்றி முடித்தார்கள். அந்த அம்மா வாசலுக்கு வந்து செக்கை நீட்டினார். மரமும் எங்களுக்கு, காசும் எங்களுக்கு. யாரோ கூப்பிட்டு நிறுத்தி விசாரிக்கப் போகிறார்கள் என்று லொறி அந்தத் தெருவைத் தாண்டும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன். எங்கள் மன்னாரில் இது அப்படியே தலைகீழ். மரம் வேண்டியவன் படலையடியில் வந்து நிற்பான். விறகடுப்பில் பாண் சுடும் போறணைக்காரனாக இருக்கலாம், தச்சனாக இருக்கலாம். அண்ணாந்து பார்த்துக் கோணல், பொந்து என்று குறை சொல்வான். இப்படி ஒரு மரம் தீவிலேயே இல்லை என்று வீட்டுக்காரி வாதாடுவாள். இழுபறிப்பட்டு ஒரு விலைக்கு வந்ததும் அவன் ஒரு நோட்டை அவள் கையில் வைப்பான். அதுதான் அச்சாரம். அச்சாரம் கையில் விழாமல் எங்கள் பக்கத்தில் மரத்தில் கோடரி விழாது.

இப்போது கணவரின் சின்னக் கம்பனியில் வீடு வீடாகப் போய் விலை சொல்கிறவள் நான்தான். அவருக்கு எந்த உயரத்துக்கும் ஏறத் தெரியும். வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்துத் தொகையைச் சொல்லத் தெரியாது. இரக்கப்பட்டுப் பாதியாக இறங்கிவிடுவார். நான் இறங்கமாட்டேன். ஆனாலும் இந்த வேலையில் நான் வாங்கிய முதல் அடி நல்ல அடி. ஒரு வெள்ளைக்காரக் கிழவியிடம் விலையைச் சொன்னதும், "எனக்கு வீட்டை விற்கிற யோசனை இல்லையே" என்றார். நான் அதை அப்படியே நம்பி, நாங்கள் வீடு வாங்குவதில்லை, தேவையென்றால் தெரிந்த தரகர் ஒருவர் இருக்கிறார் என்று அவருடைய நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டு விலையையா கேட்கிறாய் என்ற நக்கல் அது என்று என் மகள் சொல்லித்தான் விளங்கியது. மரம் வெட்ட அவர்கள் போடுகிற கணக்கு இது: ஒரு வாள், ஒரு மத்தியானம், பக்கத்து வீட்டுப் பொடியனுக்கு ஒரு பெட்டி பியர். மரம் கூரைக்கு மேலே நிற்பதும், வயரை உரசுவதும், ஏறுகிறவனுக்கும் ஒரு குடும்பம் இருப்பதும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

எங்கள் ஆட்களின் கணக்கு வேறு. செபமாலை அண்ணை மன்னார்ப் பக்கம் நானாட்டானில் வயல் செய்தவர். இப்போது ஸ்காபரோவில் ஒரு வீடு வாங்கி, அதன் பின்வளவில் பட்டுப்போன ஒரு பெரிய மேப்பிளோடு இருக்கிறார். தேத்தண்ணியும் தந்து, கதிரையும் இழுத்துப் போட்டு, பெரிய மனதோடு சொன்னார்.

"தங்கச்சி, ஊர்க்காரி எண்டபடியாச் சொல்லுறன். மரம் முழுக்க நீங்களே கொண்டுபோங்கோ. நான் ஒரு சதமும் கேக்கமாட்டன்."

"அண்ணை, நீங்கள்தான் எங்களுக்குத் தரவேணும்."

"நானோ? மரத்தையும் தந்து காசையும் தாறதோ?"

அவர் பகிடி விடவில்லை. உண்மையாகவே மனம் நொந்துபோனார். கிரேன் வாடகை, இன்சூரன்ஸ், நகரசபை அனுமதி, கிளைகளைத் தூளாக்கும் மெஷின், கொட்டுகிற இடத்துக்குக் கட்டுகிற காசு என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவர் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குளிர் நாட்டில் விறகுக்கா விலை இல்லை என்று ஒருதரம் கேட்டார். படலைவரை வந்து, விலை குறைந்தால் சொல்லச் சொன்னார். குறையாது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன்.

அந்தக் கிழமைதான் நான் மன்னாருக்குப் புறப்பட்டேன். அக்காவின் கணவரைப் பார்க்கத்தான் போனேன். அத்தான் கடலுக்குப் போகிறவர். வள்ளத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, முருங்கன் ஆஸ்பத்திரி, மன்னார் ஆஸ்பத்திரி எல்லாம் பார்த்து, கடைசியில் வீட்டின் வடகிழக்கு மூலை அறையில் கட்டிலோடு கிடந்தார். இரண்டு பேர் பிடிக்காமல் அவரால் எழும்ப முடியாது. அறைக்குள் போய் அவருடைய கையைப் பிடித்தேன். யன்னலுக்கு வெளியே பார்த்ததும் பிடித்த கையை விட்டுவிட்டேன். பிழைப்பு அப்படி, கண் போகிற இடம் வேறு. வெளியே ஒரு பெரிய வேம்பு, அறைக்கு மேலே சரிந்து நின்றது. அடியில் பொந்து. வேர்ப்பக்கத்து மண் வெடித்திருந்தது. அது யாரும் நட்ட மரம் இல்லை. நாங்கள் அகதி முகாமில் கிடந்த வருடங்களில் ஆளில்லாத வளவில் தானாக முளைத்து, திரும்பி வந்தபோது கூரை உயரத்துக்கு நின்றது. நிழல்தானே என்று விட்டுவிட்டோம்.

"அக்கா, இது மாரிக்கு முதல் விழுத்தவேணும்."

"கச்சானுக்கே விழேல்ல. சும்மா பயப்பிடாத."

தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று இவ்வளவு காலமும் அந்த மரத்தை அறையைவிட்டு வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. அந்தக் காற்று இப்போது ஓயப்போகிறது. அடுத்தது வாடை. அது வடகிழக்கிலிருந்து வரும், மரத்தை அறைக்கு மேலே தள்ளும். நான் அன்றைக்கே ஆள் தேடினேன். எருக்கலம்பிட்டி நசார் நானா வந்தார்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். புத்தளத்தில் நெடுங்காலம் இடம்பெயர்ந்திருந்து திரும்பி வந்து, விறகு வியாபாரமும் மரம் வெட்டுகிற வேலையும் செய்கிறவர். மரத்தைச் சுற்றி வந்தார். தட்டிப் பார்த்தார். கூரையைப் பார்த்தார், வயரைப் பார்த்தார். பிறகு ஒரு தொகை சொன்னார். எவ்வளவு தருவார் என்று காத்துக்கொண்டிருந்த எனக்கு, அது நான் கொடுக்கவேண்டிய தொகை என்று விளங்கச் சற்று நேரம் எடுத்தது. லட்சத்துக்கு மேலே.

"ஒரு மரத்துக்கா, நானா?"

வாயை விட்டு வந்த பிறகுதான் அது என் காதில் விழுந்தது. கிழவி சொன்னது, செபமாலை அண்ணை சொன்னது, கதவைச் சாத்திய எத்தனையோ பேர் சொன்னது. அதே இழுவை, அதே நெற்றிச் சுருக்கம். இடுப்பில் கைகூட வைத்திருந்தேன்.

"தங்கச்சி, அடி முழுக்கப் பொந்து, பலகை வராது. போறணைக்காரனும் இப்ப காஸ் அடுப்புக்கு மாறிட்டான். கரண்ட் கந்தோருக்குச் சொல்லி லைனை நிப்பாட்டவேணும். அடியோட சாய்க்கேலாது, கொப்புக் கொப்பாக் கயித்தில இறக்கவேணும். ஏறுற பொடியன் எண்ட மகன்."

கனடாவில் நான் ஒப்புவிக்கிற பாட்டை அவர் ஊர்ப் பேச்சில் எனக்கே ஒப்புவித்தார். இருந்தும் என் மனம் உடனே இறங்கவில்லை. வேப்பமரத்துக்குக் காசு கொடுப்பதா என்று உள்ளே ஒருத்தி சண்டைக்கு நின்றாள். அவளை அடக்கிக்கொண்டு, சரி நானா, வெட்டுங்கோ என்றேன்.

அக்கா அடங்கவில்லை. நசார் நானா போனதும் பிடித்துக்கொண்டாள். முருங்கனில் ஒருவன் மரத்துக்குக் காசு தந்து அரை நாளில் அடியோடு சாய்த்துக் கொண்டுபோகத் தயாராம். எங்கே சாய்ப்பான் என்று கேட்டேன். அது அவனுக்குத் தெரியும் என்றாள்.

"உனக்கு வெளிநாட்டுக் காசு, வீசுறாய். நாளைக்கு ஊரெல்லாம் எங்களப் பாத்துச் சிரிக்கும். மரத்தக் குடுத்து காசும் குடுத்தவளவை எண்டு."

அந்தச் சொல் எனக்குச் சுட்டது. அங்கே எங்கள் ஆட்கள் என்னைக் கொள்ளைக்காரி என்கிறார்கள். இங்கே என் கூடப்பிறந்தவள் ஊதாரி என்கிறாள். அழுகை வந்தது. அழுதுகொண்டே சொன்னேன்: சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், முருங்கன் ஆள் இந்தப் படலைக்குள் கால் வைத்தால் நான் மரத்தடியில் போய் இருந்துவிடுவேன், என் மேலே சாய்க்கட்டும். அக்கா வாயைத் திறக்கமுன் உள்ளேயிருந்து அத்தான் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

"மெற்றில்டா, வாடை தொடங்கினா நீ ஓடுவாய். நான் எப்பிடி ஓடுறது?"

இவ்வளவு நாளும் அவர் அதைச் சொல்லவில்லை. கட்டிலில் கிடந்தபடி ஒவ்வொரு நாளும் அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அறைக்குள் போனாள். பிறகு விலையைப் பற்றி வீட்டில் யாரும் கதைக்கவில்லை.

வெட்டுகிற அன்று அத்தானை நாலு பேர் கட்டிலோடு தூக்கி முன் விறாந்தையில் வைத்தோம். லைன் நிறுத்தியாயிற்று. கயிறு போட்டாயிற்று. நசார் நானாவின் மகன் ஏறப்போன நேரம் அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு அக்காவிடம் வந்தார். நான் கொடுத்த முற்பணத்திலிருந்து ஒரு நோட்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"விறகு நான் கொண்டுபோறன்தானே தங்கச்சி. சும்மா எடுக்கக்கூடா. பிஸ்மில்லா எண்டு பிடிங்க."

அக்கா அந்த நோட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள், வெற்றியோடு. என் காசு என் பையிலிருந்து நசார் நானாவின் பைக்குப் போய், அங்கிருந்து அக்காவின் கைக்கு வந்து மரத்தின் விலையாகிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் எல்லாம் கெட்டுவிடும் என்று வேறு பக்கம் பார்த்தேன். மரம் கொப்புக் கொப்பாக இறங்கியது. கூரையில் ஒரு ஓடு உடையவில்லை. அத்தான் விறாந்தையில் கிடந்தபடி ஒவ்வொரு கொப்புக்கும் ஒரு தரம் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

நான் கனடா திரும்பிய பிறகு அங்கே வாடை தொடங்கியது. அக்கா குரல் பதிவு அனுப்பியிருந்தாள். இராமுழுக்கக் காற்று என்றாள். பக்கத்து வளவில் முருங்கையும் பப்பாசியும் போய்விட்டதாம், அத்தான் அசையாமல் நித்திரையாம். இனிக் கச்சான் காலத்தில் மத்தியான வெக்கைக்கு என்ன செய்வது என்று கேட்டாள். கடைசியில், "எண்டாலும் அவன் எடுத்த காசு கூடத்தான்" என்றும் சொன்னாள்.

அதைக் கேட்டுவிட்டு நான் நேரே செபமாலை அண்ணையின் வீட்டுக்குப் போனேன். மேப்பிளின் ஒரு கொப்பு ஏற்கெனவே வேலியை உடைத்திருந்தது. விலை அதேதான் என்றேன். ஒரு சதமும் குறைக்கவில்லை. அவர் பெருமூச்சு விட்டு, செக் எழுதி, பத்திரத்தில் கையெழுத்தும் போட்டார். முகம் விலைக்குச் சண்டை பிடித்த அக்காவின் முகமாகவே இருந்தது. வெட்டுகிற அன்று என் கணவர் மரத்தில் ஏறமுன், அவரைக் கையைக் காட்டி நிறுத்தினேன். பொக்கற்றுக்குள் கையைவிட்டு ஒரு டொலர் நாணயக் குத்தியை எடுத்து அண்ணையின் உள்ளங்கையில் வைத்தேன்.

"என்ன தங்கச்சி இது?"

"அச்சாரம், அண்ணை."

அவர் குத்தியைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"நல்ல மரம், தங்கச்சி. ஒரு டொலருக்குத் தரேலாது. இன்னொண்டு வையுங்கோ."

அடி உக்கல் என்றேன். இப்படி ஒரு மரம் இந்தத் தெருவிலேயே இல்லை என்றார். இரண்டு பேரும் நன்றாக இழுபறிப்பட்டோம். என் கணவர் கயிற்றோடு பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் இன்னொரு குத்தியை வைத்தேன். வாள் இரைந்தது. முதல் கொப்பு இறங்கியபோது, மரத்தை விற்றவராக அவரும் வாங்கியவளாக நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். என் பைக்குள் இருந்த செக்கிலும் பத்திரத்திலும் அது வேறு மாதிரி எழுதியிருந்தது.