பின்பாதி ஆடியவன்

இந்தக் கனடாவில் துவைத்த துணியைச் சுருட்டி எறிகிறார்கள். துவைக்காத சட்டையைத் தொடத்தான் கையுறை மாட்டிக்கொள்கிறார்கள். ஊரில் இருக்கும் நீங்கள் நம்ப மாட்டீர்கள். என் மகன் சுரேஷ் வேலை பார்ப்பதே அப்படி ஒரு இடத்தில்தான். ஆட்டக்காரர்கள் போட்டு ஆடிய ஜெர்சிகளை வாங்கிச் சேர்க்கிறவர்கள் அங்கே அனுப்புவார்கள். நிஜமாகவே ஆடியதுதானா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, அழுக்குக்கும் கிழிசலுக்கும் மார்க் போட்டு, சான்றிதழ் தருவார்கள். சுத்தமாக இருந்தால் மார்க் குறையும். என்னை அங்கே வேலைக்கு வைத்தால் ஒரே வாரத்தில் கடையை மூட வேண்டியதுதான்.

சுரேஷ் அங்கே பெட்டி கட்டுகிறவன். போன மாதம் வந்த ஒரு பெட்டியில் எங்கள் கொருக்குப்பேட்டை ஃபுட்பால் டீமின் ஒன்பதாம் நம்பர் ஜெர்சி இருந்தது. அதைப் போட்டு ஆடிய தாசு, பிறகு வெளிநாட்டு டீமுக்கெல்லாம் ஆடிப் பேர் வாங்கியவன். அதில் நம்பர் தைத்தது, துவைத்தது எல்லாம் தன் அம்மாதான் என்று சுரேஷ் முதலாளியிடம் சொல்லிவிட்டான். அம்மாவின் சாட்சியோடு இதை முடித்துக் கொடுத்தால் உன்னை மார்க் போடுகிற மேசையில் உட்கார வைக்கிறேன் என்றாராம் அவர். ஆகவே ஐந்தாம் வகுப்பு படித்த நான் நிபுணர் ஆனேன்.

முதலாளி பெயர் ஜெஃப். ஜெர்சியின் முதுகில் இருந்த கறுப்புத் தீற்றலை விளக்கடியில் காட்டி, கோயில் குருக்கள் மாதிரி மெல்லிய குரலில் ஏதோ சொன்னார்.

“வுழுந்து பொரண்டு ஆடுன கறையாம்மா. அதுக்கே நல்ல மார்க்காம்” என்றான் சுரேஷ்.

“இன்னா கறை? கூட்ஸ் வண்டி கரிடா அது. தண்டவாளத்தோரம் கொடில காயசொல்லோ ஒட்டிக்கிச்சு. எவ்ளோ தேச்சும் போவல.”

அதை அவன் எப்படி இங்கிலீஷில் சொன்னானோ, ஜெஃப் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அடுத்து ஒரு பழைய போட்டோவை வைத்தார். ஒன்பதாம் நம்பர் முதுகு காட்டி ஓடுகிறது. இது யார் என்று கேட்டார்.

எங்கள் டீமில் பதினான்கு பையன்கள், பதினோரு ஜெர்சி. ஆள் மாற்ற வேண்டுமானால், வெளியே வருகிறவன் கோட்டோரம் நின்று கழற்றிக் கொடுப்பான். உள்ளே போகிறவன் அந்த ஈரத்தோடு மாட்டிக்கொண்டு ஓடுவான். கடைசி மேட்சில் தாசுக்குக் கால் பிசகியது. பின்பாதியில் அந்த ஒன்பதைப் போட்டு இறங்கியவன் சுரேஷ். கோலும் போட்டான். மூன்று நாள் ஜெர்சியைக் கழற்றவில்லை. தாசு வந்து கேட்டபோது அழுதுகொண்டே கொடுத்தான்.

“இது நீதானேடா? இப்டி எடது தோள எறக்கிக்கினு ஓடறது வேற யாரு?”

“யம்மா, தாசுன்னு மட்டும் சொல்லு. ரெண்டு பேர் போட்டதுன்னா மார்க் எறங்கிடும். டேபிள் கெடைக்காது.”

“அப்போ கோல் போட்டது யாரு?”

“எவனோ போட்டான். வுடு.”

வெளி ஆள் முன்னால் நான் வாய் திறக்கிறவள் இல்லை. ஜெஃப்பைப் பார்த்து இரண்டு விரலை மட்டும் காட்டினேன்.

“டூ?” என்றார். தலையாட்டினேன். சுரேஷின் முகம் சுண்டிப்போனது. ஜெஃப் கேட்க, அவன் தரையைப் பார்த்து ஏதோ பதில் சொன்னான்.

அரை மார்க்தான் குறைந்தது. உண்மையை மறைக்காத சாட்சி என்று ஜெஃப் என்னைப் புகழ்ந்தாராம். சுரேஷுக்கு மேசையும் கிடைத்துவிட்டது. பஸ்ஸில் வரும்போது, சான்றிதழ் நகலில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். மடிப்பைப் பிரித்து வாசித்தான்: “முன்பாதி தாசு. பின்பாதி, அடையாளம் தெரியாத ஆட்டக்காரர்.”

“கீழ இன்னாடா?”

“மதிப்பிட்டவர் கையெழுத்தும்மா. என்னுது.”

வாங்கிப் பார்த்தேன். மேலே பேரில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறான். கீழே முழுப்பெயரோடு உட்கார்ந்திருக்கிறான். நடுவில் நாலு விரல் அகலத்துக்கு வெறும் வெள்ளைக் காகிதம்.