மூன்று வாத்துக் கனம்

சிக்குன்குனியா எங்கள் ஊரையே சுவரைப் பிடித்து நடக்க வைத்த வருஷம் அது. எங்கள் வீட்டில் முதலில் படுத்தது அத்தை. அப்பாவுக்கு மூத்தவர், பங்குக் கோவிலில் பாட்டுக்குப் பியானோ வாசிப்பவர். காய்ச்சல் சீக்கிரமே போய்விட்டது. போகும்போது அத்தையின் விரல் வலுவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இட்லியைப் பிட்டு வாயில் வைப்பதற்கே முகம் சுளிப்பார்.

பாட்டுக் குழுப் பையன்கள் இதுதான் சமயம் என்று கீபோர்டு வாங்கும் பேச்சை எடுத்தார்கள். கீபோர்டு தொட்டாலே பாடும். கோவில் சுவரோரம் நிற்கும் எங்கள் பழைய பியானோவுக்கு அந்த இளகிய மனசு கிடையாது. அத்தை ஒரு கட்டையை அமுக்கிப் பார்த்தார். அது பாதி இறங்கி, ஒரு சத்தமும் கொடுக்காமல் மேலே வந்துவிட்டது.

அப்பா பீங்கான் கம்பெனியில் அச்சு ஊற்றுகிறவர். அன்று அவர் பையில் குட்டி வாத்து பொம்மைகள் இருந்தன. ஒன்றைக் கட்டையின் நுனியில் வைத்தார். அசையவில்லை. இரண்டு வைத்தார். அப்போதும் இல்லை. மூன்றை நூலால் சேர்த்துக் கட்டி வைத்ததும் கட்டை மெல்லத் தலை குனிந்தது.

“மூணு வாத்துக் கனம்க்கா. ரெண்டு வாத்துக்கு எறக்கிடலாம். சீசா பலகதான் இது. நம்ம பக்கம் கொஞ்சம் ஈயம் வெச்சா லேசாயிடும்.”

வேப்பூரில் லாரி டயர் கடையில் சக்கரம் சமனாகச் சுழல அடிக்கும் ஈயத்தை வாங்கி வந்து, ஒவ்வொரு கட்டையின் அடியிலும் துளை போட்டு அடைத்தார். வாத்துகளை வைத்து, “எறங்கிடுச்சுப்பா” என்று சொல்வது என் வேலை. உலகத்தில் எல்லாப் பியானோவையும் வாத்து வைத்துத்தான் சரி செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தை இதற்கு லேசில் சம்மதிக்கவில்லை. “கிறிஸ்துமஸ் வரைக்கும்தான்டா தம்பி. அப்புறம் ஈயத்த எடுத்துடணும். பியானோ என் விரலுக்கு எறங்கி வரக்கூடாது. என் விரலுதான் ஏறிப் போவணும்.” அதோடு விடாமல் பங்குச் சாமியாரிடமும் போய்ச் சொல்லிவிட்டார். “ஈஸ்டருக்கு மூணு வாத்துக் கனத்துல வாசிக்கிறேன் சாமி. முடியலன்னா நானே நவுந்துக்குறேன். கீபோர்டு வாங்கிக்கோங்க.”

“வாத்தா?” என்றார் சாமியார்.

கிறிஸ்துமஸ் நல்லபடியாகப் போனது. அதன் பிறகு அத்தை விடிந்ததும் கம்பெனிக் களிமண்ணில் ஒரு உருண்டையை எடுத்துப் பிசைய ஆரம்பித்தார். தவக்காலம் முழுக்கப் பிசைந்தார். பற்களைக் கடித்துக்கொண்டு, மண்ணோடு சண்டை போடுவது போலப் பிசைவார். பையன்கள் வழியில் பார்த்தால், “இன்னிக்கி எத்தன வாத்து அத்தே?” என்பார்கள்.

“உன்னையும் சேத்தா நாலுடா.”

ஆனால் ஈஸ்டர் நெருங்கியபோதும் தைலப் புட்டியின் மூடியை அத்தையால் திருக முடியவில்லை. முந்தானையைச் சுற்றித் திருகிப் பார்த்தார். பிறகு புட்டியை அப்படியே வைத்துவிட்டு மறுபடியும் களிமண்ணை எடுத்தார். அப்பா அதைப் பார்த்தபடி நின்றார்.

ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை மத்தியானம் அப்பா தனியாகக் கோவிலுக்குப் போனார். நானும் அத்தையும் பின்னால் போனபோது வேலை முடிந்திருந்தது. “ஈயத்த எடுத்துட்டேன்க்கா” என்று ஒரு காகிதப் பொட்டலத்தை ஆட்டிக் காட்டினார். பிரிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பழைய வாத்துகள் உடைந்துவிட்டன என்று புதிதாக மூன்றை எடுத்து வைத்தார்.

எங்கள் ஊரில் பீங்கானைச் சுண்டிப் பார்க்காமல் கையில் வாங்குகிறவர் வெளியூர்க்காரராகத்தான் இருப்பார். அத்தை ஒரு வாத்தை எடுத்து, வலிக்கிற விரலால் சுண்டினார். பழைய வாத்தின் சத்தம் எனக்கே மனப்பாடம். இது வேறு சத்தம். அத்தை அதைக் காதருகே வைத்து இன்னொரு முறை சுண்டினார். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வாத்தின் வயிற்றில் வெளிச்சம் தெரிந்தது.

“அத்தே, இது லேசா இருக்குது” என்றேன்.

“வாய மூடிக்கிட்டு வாத்த வையிடி.”

வைத்தேன். மூன்றாவது வாத்துக்குக் கட்டை இறங்கியது. அப்பா சிலுவைப்பாதைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூணு வாத்து. பாத்தியாடா தம்பி?”

“பாத்தேன்க்கா.”

ஈஸ்டர் பூசையில் அத்தை வாசித்த வாசிப்பில் பையன்கள் கீபோர்டை மறந்தே போனார்கள். பூசை முடிந்ததும் அத்தை அந்த மூன்று வாத்துகளையும் கைக்குட்டையில் சுருட்டிக் கொண்டுபோய் பீரோவில் வைத்துப் பூட்டினார். அதற்குப் பிறகு பியானோ மேல் வாத்து வைக்க யாரையும் விடவில்லை. பல வருஷம் கழித்துப் பியானோவைப் பிரித்தபோது, ஈயம் வைத்த இடத்திலேயே இருந்தது.

அந்த ஈஸ்டர் அன்றைக்கு எனக்கு அப்பாவின் மேல்தான் பரிதாபம். களிமண் கூழை அச்சில் ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டால்தான் பொம்மை கனமாக வரும். அவசரப்பட்டுக் கொட்டினால் மெலிந்துவிடும். இது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது, அத்தை பரிமாறிக்கொண்டிருக்கையில், அப்பா மனம் நோகாதபடி சொன்னேன்.

“அப்பா, வாத்து ரொம்ப மெலிசா வந்துடுச்சு. இன்னும் கொஞ்ச நேரம் வுட்டிருக்கணும்.”

அத்தையின் கையிலிருந்த கரண்டி நின்றது.

“ஆமா பாப்பா” என்றார் அப்பா, தட்டைப் பார்த்தபடி. “அடுத்த தடவ பாத்து ஊத்துறேன்.”

அத்தை அவர் தட்டில் இன்னொரு துண்டு கறி வைத்தார். தொழில் தெரியாதவருக்கு எதற்கு இரண்டாவது துண்டு என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.