தேன் பாட்டிலுக்கு ஒரு கூழ்த்தட்டு

பேக்கிங் பொருட்கள் செய்யும் எங்கள் கம்பெனி ஆபீஸைக் காலி செய்துவிட்டு எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது. கோபாலபுரத்தில் முதல் மாடியிலிருந்த என் வீட்டுக் கூடத்துக்கே சோதனை வேலைகளும் வந்து சேர்ந்தன. மகள் வெளியூரில் படிக்கிறாள். பகலில் என் குரலை நானே கேட்பது அரிது.

அந்த மழைக்காலத்தில் ஒரு தேன் வியாபாரிக்காகக் காகிதக் கூழில் வார்த்த தட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. முட்டை அட்டை மாதிரிதான். பாட்டில் உட்காரப் பள்ளம் இருக்கும். மெல்லியது, நடுத்தரம், கனமானது என மூன்று எடைகளில் மாதிரிகள் வந்தன. பாட்டிலை அதில் வைத்து, பெட்டியில் அடைத்து, இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போட்டுப் பார்க்க வேண்டும்.

மெல்லிய தட்டு ஈரக்காற்றிலேயே தொய்ந்திருந்தது. பெட்டி மூலை பட விழுந்ததும் தட்டு கிழிந்து, பாட்டில் உடைந்தது. கனமானது கிழியவில்லை. ஆனால் கட்டைபோல விறைத்து நின்று, அடியை அப்படியே பாட்டிலுக்குக் கடத்திவிட்டது. கழுத்தில் விரிசல்.

தேனைத் துடைத்துக்கொண்டிருந்தபோது யாரோ கதவைப் படபடவென்று தட்டினார்கள். கீழ் அறையில் குடியிருக்கும் வாட்ச்மேனின் மனைவி மூச்சிரைக்க நின்றாள். பட்டினப்பாக்கத்துக்காரி. படிக்கட்டில் பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான் பழக்கம்.

"இன்னாக்கா, தொப்பு தொப்புன்னு சத்தம் கேக்குது? நீதான் உய்ந்துட்டியோன்னு ஓடியாந்தேன்."

நான் விழுந்தால் ஓடிவர ஓர் ஆள் உண்டு என்று அதுவரை நினைத்ததே இல்லை. உள்ளே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். நடுத்தரத் தட்டை வைத்துப் பெட்டியைப் போட்டபோது அவளும் குனிந்து பார்த்தாள். தட்டின் விளிம்பு நசுங்கியிருந்தது. பாட்டிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. தானும் போட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டு, ஓங்கிப் போட்டுவிட்டுச் சிரித்தாள். அப்போதும் பாட்டில் பிழைத்தது.

நடுத்தர எடையையே பரிந்துரைத்தேன். வீடியோ மீட்டிங்கில் ஒரே வார்த்தையில் சரி என்றார்கள். மிஞ்சிய மாதிரிகளைப் பழைய பேப்பர்க்காரர் எடுத்துப்போனார்.

சில நாள் கழித்து, கேட் அருகே அவள் கேட்டாள்: "இன்னாக்கா, மேல சத்தமே காணோம்?"

வேலை முடிந்துவிட்டது என்றேன். தலையசைத்துவிட்டுத் தண்ணீர்க் குடத்தோடு உள்ளே போனாள். சும்மாவாவது மேலே வாயேன், காபி குடிக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். மாடியேறி, அடுப்பில் பாலை வைத்த பிறகுதான் அது தோன்றியது. அதற்குள் கீழே அவள் டிவியைப் போட்டிருந்தாள்.