வலப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்

என் அண்ணன் மரம் அறுக்கும் பட்டறையில் பதினேழு வருடம் வேலை பார்த்தார். வட்ட வாள் சுழலும் மேசையில் பலகையைப் பிடித்துத் தள்ளிக் கொடுக்க வேண்டும். அவர் நிற்கும் இடத்துக்கு வலப்பக்கம் வாள், இடப்பக்கம் ஜன்னல். பதினேழு வருடமும் அதே இடம்.

பட்டறையில் அவரைப் பேய்ப்பாட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். கோதிக் ராக் என்கிற இசைமேல் அவருக்கு அப்படி ஒரு பைத்தியம். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற குரல், இழுத்து இழுத்து அழும் கிதார், சாவையும் பிரிவையும் விட்டால் வேறு பேச்சில்லாத வரிகள். பெரிய கம்பெனி வெளியிட்டதை அவர் தொடமாட்டார். தனி ஆட்கள் வீட்டிலேயே பதிவு செய்து, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று இணையத்தில் சும்மா போட்டிருக்கும் ஆல்பங்களைத் தேடி எடுத்து, தன் வலைப்பதிவில் விமர்சனம் எழுதுவார். படிப்பவர்கள் நாற்பது பேர் இருந்தால் அதிகம்.

அண்ணிக்கு அதில் எரிச்சலும் உண்டு, சிரிப்பும் உண்டு. "சிரிச்ச முகமா யாராவது பாடினா உங்கண்ணனுக்கு ஜுரம் வந்துடும்" என்பார்.

ஓர் ஆல்பத்தை மூன்று முறை முழுதாகக் கேட்காமல் அண்ணன் ஒரு வரிகூட எழுதமாட்டார். முதல் தடவை வேலைக்குப் போகும் பேருந்தில். இரண்டாவது தடவை, மதியம் இயந்திரங்கள் நின்றதும், மரத்தூள் மூட்டைமேல் சாய்ந்துகொண்டு. மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை காலை முன்னறையில், மடியில் நோட்டோடு. மதிப்பெண் கொடுக்கும் பழக்கம் இல்லை. கடைசி வரியில் எங்கே உட்கார்ந்து கேட்கலாம் என்று மட்டும் சொல்வார். 'மழைக்கு ஒதுங்கிய இடத்தில் கேட்கவும்.' 'பல் பிடுங்கக் காத்திருக்கும்போது கேட்கவும்.'

எழுதியதைப் போடுவதற்கு முன்னால் என்னிடம் காட்டுவார். நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவள். ஆனாலும் விட்டுப்போன எழுத்து என் கண்ணுக்குத் தப்பாது. வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசாதவளுக்குக் கண்ணாவது வேலை செய்யட்டும் என்று அண்ணி கேலி செய்வார்.

ஒரே வருடத்தில் அண்ணன் இரண்டு இயர்போன்களைத் தூக்கிப் போட்டார். இரண்டிலும் வலது பக்கம் செத்துவிட்டதாம். கடைக்காரரிடம் போய்ச் சத்தம் போட்டுவிட்டு மூன்றாவது வாங்கி வந்தார், கொஞ்சம் நல்லதாக. இரண்டாவதைக் குப்பைக்கூடையிலிருந்து நான் எடுத்தேன். துணி மடிக்கும்போது கேட்கலாமே என்றுதான். மாட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கணீரென்று கேட்டது.

அப்புறம்தான் கவனிக்க ஆரம்பித்தேன். அண்ணி வலப்பக்கமிருந்து கேட்டால் பதில் வராது. "கல்லு மாதிரி உக்காந்திருக்காரு பாரு" என்று அவர் கோபித்துக்கொள்வார். தொலைக்காட்சி முன்னால் அண்ணனின் தலை மெல்ல வலப்புறம் திரும்பி, இடது காதை முன்னே கொண்டுவரும். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். சொன்னால் அந்தப் பாட்டை அவரிடமிருந்து பிடுங்குபவள் நானாகிவிடுவேன். மடித்த துணியை எடுத்து வைத்துவிட்டுப் போய்விடுவேன்.

புது இயர்போனில் அவர் முதலில் கேட்டது, வெளிநாட்டில் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலை செய்யும் ஒருவர் தன் சமையலறையில் பதிவு செய்த ஆல்பம். கருவி புதிது, அதில் கோளாறு இருக்காது என்று அண்ணன் நம்பினார். ஆகவே வலப்பக்கம் எதுவும் கேட்காத அந்த மௌனம் பாடியவர் வேண்டுமென்றே வைத்தது என்று முடிவு கட்டிவிட்டார். 'வலப்பக்கம் யாரையும் உட்கார வைக்காமல் காலியாக விட்டிருக்கிறாரே, அந்தத் துணிச்சலுக்கு ஒரு வணக்கம்' என்று எழுதினார். போடுவதற்கு முன்னால் அந்த வரியை நான் படித்தேன். எழுத்துப் பிழை எதுவும் இல்லை என்று சொன்னேன்.

பத்து நாளில் பாடியவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. விமர்சனத்தை மொழிபெயர்த்துப் படித்திருக்கிறார். இவ்வளவு பொறுமையாகத் தன்னைக் கேட்ட ஆள் வேறு யாரும் இல்லை என்று நன்றி சொல்லியிருந்தார். பிறகு ஒரே வரி: 'வலப்பக்கம் காலி இல்லை, அங்கே என் தங்கை இருக்கிறாள்.' இறப்பதற்கு முன்னால் அவள் பாடியதைப் போனில் பிடித்து வைத்திருந்தாராம். இயர்போனில் கேட்பவருக்கு மட்டும் எட்டட்டும் என்று வலது ஓரத்தில் உட்கார வைத்தாராம்.

அண்ணன் போனை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"எனக்கு வலது காது கேக்கலன்னு உனக்குத் தெரியுமா, பாப்பா?"

"தெரியும்ணே."

"எப்பலேர்ந்து?"

"நீங்க ரெண்டாவதைத் தூக்கிப் போட்டீங்கள்ல, அப்பலேர்ந்து."

"அதுல ரெண்டு பக்கமும் கேட்டுச்சா?"

தலையாட்டினேன். அவர் என்னைத் திட்டவில்லை.

"பாவம், அந்தக் கடைக்காரரை அவ்வளவு பேசிட்டேன்" என்றார்.

வலது காதின் நரம்பு போனது போனதுதான் என்று மருத்துவர் சொன்னார். இடது காது மிஞ்ச வேண்டுமென்றால் வாளை விட்டு விலக வேண்டும், இயர்போனையும் விட வேண்டும். அண்ணி அன்றைக்கு ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. வீடு திரும்பும்போது அண்ணனுக்கு இடப்பக்கமாக வந்து நடந்தார்.

பட்டறையில் பலகை அடுக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். இயர்போனை விடுவதற்கு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தவணை கேட்டார் அண்ணன். எழுதிய பொய்யைத் திருத்தாமல் விட முடியாது என்றார்.

அன்று காலை முன்னறையில் உட்கார்ந்து, வலது காதுக்கான முனையை இடது காதில் மாட்டிக்கொண்டார். ஆல்பம் முடியும்வரை அசையவில்லை. கண்ணோரம் மட்டும் நனைந்திருந்தது.

"அந்தப் பொண்ணு நடுவுல ஒரு தடவை சிரிக்குது" என்றார். பிறகு இயர்போனை என்னிடம் நீட்டினார். "எனக்கு அவளைத் தனியா கேக்க முடியுது, அவரைத் தனியா கேக்க முடியுது. ரெண்டு பேரும் சேந்தா எப்படி இருக்கு, சொல்லு."

நான் கேட்டேன். அவர் நோட்டோடு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் இயர்போனைக் கழற்றினேன்.

"அவர் ஒரு வரிய இழுத்துக்கிட்டே போறாரு. முடிக்கிறதுக்குள்ள அவங்க வந்துடறாங்க. வீட்டுல ஒருத்தர் பேசிட்டிருக்கப்ப இன்னொருத்தர் பக்கத்துல துணி மடிச்சிட்டிருப்பாங்கல்ல, அந்த மாதிரி. ஒருத்தரை ஒருத்தர் திரும்பிப் பாக்கல. ஆனா இருக்காங்க."

அதை அப்படியே எழுதிக்கொண்டார். தவறு தன் காதினுடையது, பாடியவருடையது அல்ல என்று முதல் வரியில் போட்டார். கடைசி வரியை அவரே சொல்லிப் பார்த்து எழுதினார்: 'ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்கவும்.'

போடுவதற்கு முன்னால் வழக்கம்போல் என்னிடம் கொடுத்தார். இரண்டு இடத்தில் எழுத்து விட்டுப்போயிருந்தது. சொன்னேன், திருத்தினார். அதற்குப் பிறகு அவர் விமர்சனம் எதுவும் எழுதவில்லை.