‘ச’வுக்கு இடமில்லை

பெரியதைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். எதிர் வீட்டு கார் பெரிது, நாத்தனார் வீட்டு ஹால் பெரிது என்று புலம்புவார்கள். சின்னதைப் பார்த்து வயிறு எரிந்த ஒரே மனிதர் என் கணவர் ஜெபகுமார்தான். அவரோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியவள் என்கிற முறையில் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

மற்றபடி மனிதர் சாது. மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் ஆபீசில் இருந்தார். தாம்பரத்திலிருந்து ரயிலில் போய் வருவார். கொரோனா சமயத்தில் அந்த வேலை போயிற்று. இப்போது போட்டித் தேர்வு வீடியோக்களுக்குத் தமிழ் சப்டைட்டில் அடித்துக் கொடுக்கிறார். அலுவலகம் என்பது சேலையூரில் எங்கள் ஒற்றை பெட்ரூம் பிளாட்டின் சாப்பாட்டு மேஜை. இட்லித் தட்டை நான் எடுப்பதற்குள் லேப்டாப் வந்து உட்கார்ந்துவிடும். யார் புது பைக் வாங்கினாலும் சீட்டைத் தட்டிப் பார்த்து, மனதாரப் பாராட்டிவிட்டு வருவார். கூட வேலை செய்தவருக்குச் சம்பளம் ஏறினால் வாழ்த்துச் சொல்லிவிட்டுத் தூங்கப் போவார்.

அப்படிப்பட்டவரைக் கெடுத்தது ஜமீர். எங்கள் எதிர் பிளாட்காரன், சாஃப்ட்வேர் வேலை. என்னை அக்கா என்பான், அவரை மச்சான் என்பான். ஒரு சாயங்காலம் பர்ஸ் மாதிரி எதையோ கொண்டுவந்து எங்கள் மேஜையில் வைத்தான். பர்ஸ் இல்லை, கீபோர்டு. எண் வரிசை கிடையாது. அம்புக்குறி கிடையாது. எழுத்துகளிலும் ஓரத்தில் இருக்கிற சிலது கிடையாது. தட்டினால் ஒவ்வொரு கீயும் சோளம் பொரிகிற மாதிரி சத்தம் போட்டது.

“கை நகரவே வேணாம் மச்சான். இல்லாத கீயெல்லாம் உள்ளே ஒளிஞ்சிருக்கு. கட்டைவிரலால இத்த அமுக்கிக்கினு அடிச்சா அடுத்த லேயர் வரும்,” என்றான்.

“அப்போ நம்பர் அடிக்கணும்னா?” என்று நான் கேட்டேன்.

“அதுவும் உள்ளதான் கீதுக்கா.”

“அதை வெளியிலயே வெச்சா என்ன தம்பி குறைஞ்சிடும்?”

ஜமீர் சிரித்தான். என் கணவர் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நாங்கள் வாழ்ந்த வாழ்க்கையில் அவர் இப்படி ஆசையோடு எதையும் பார்த்ததில்லை, என்னைப் பெண் பார்க்க வந்தபோது உட்பட.

அடுத்த சில நாட்கள் அவருக்கு எதுவும் பிடிக்கவில்லை. குழம்பில் உப்பு சரியாக இருந்தாலும் சரியில்லை. தன்னுடைய பழைய கீபோர்டைப் பார்த்து, “இது என்ன, கல்யாணப் பந்தியில போடுற பெஞ்சு மாதிரி,” என்பார். ஜமீர் வீட்டுக் கதவு திறந்திருந்தால் எட்டிப் பார்ப்பார். கடைசியில் என்னிடம் வந்தார்.

“சினேகா, நீ டியூஷன் ஆரம்பிக்கணும்னு சொன்னியே. சின்ன கீபோர்டு வாங்கினா பாதி டேபிள் உனக்கு.”

சரியான இடத்தில் தட்டினார். நான் கேம்ப் ரோடு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். உடம்பு சரியில்லாமல் நின்றுவிட்டேன். மறுபடி பாடம் நடத்த வேண்டும் என்பதுதான் என் ஒரே ஆசை. வீட்டில் வைத்து நடத்தலாம், ஆனால் பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது? பீரோவும் ஃப்ரிட்ஜும் போக ஹாலில் மிச்சம் இருப்பது அந்த மேஜை மட்டும்தான். அதனால் வாங்கச் சொன்னேன்.

வந்தது. வந்த நாளிலிருந்து எனக்குப் பொறாமை. வேறு பெயர் வைத்துப் பூசி மெழுக எனக்கு இஷ்டமில்லை. என் கன்னத்துக்கு நான் வாங்கிய பிரஷ்ஷை எடுத்து அதற்குத் தூசி தட்டினார். கீயை ஒவ்வொன்றாகக் கழற்றி எண்ணெய் போட்டார். என் முட்டி வலிக்குத் தைலம் தேய்க்க அவரை மூன்று தடவை கூப்பிட வேண்டும். கீபோர்டுக்கு அடியில் லைட் வேறு எரியும். நான் புதுப் புடவை கட்டிக்கொண்டு முன்னால் நின்றால்கூட, “பச்சை நல்லா இருக்கு இல்ல?” என்பார். என் புடவை நீலம்.

தவறு நிறைய வந்தது. எண் அடிக்கப் போனால் குறிகள் வரும், குறி அடிக்கப் போனால் வரி அழிந்துவிடும். சப்டைட்டிலுக்கு நேரம் குறிக்க எண்தான் முக்கியம். அதனால் எண் மட்டும் இருக்கிற இன்னொரு பலகையை வாங்கி வந்து பக்கத்தில் வைத்தார்.

“ரெண்டையும் சேர்த்தா பழைய பெஞ்சுதானே வருது?” என்றேன். அந்தப் பலகை மறுநாள் பீரோவுக்குள் போய்விட்டது. பிடிவாதமாகப் பழகினார். இரண்டு வாரத்தில் கை ஓடத் தொடங்கியது. அதையும் சொல்ல வேண்டும், ஓடத்தான் செய்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். அவர் தமிழ் அடிக்கும் முறையில், ஆங்கில P எழுத்துக்கு வலப்பக்கம் அடுத்தடுத்து இருக்கிற இரண்டு கீக்களில்தான் ‘ச’வும் ‘ஞ’வும் இருக்கின்றன. சின்ன கீபோர்டில் அந்த இரண்டு கீக்களும் கிடையாது. கட்டைவிரலை அமுக்கிக்கொண்டு உள்ளேயிருந்துதான் எடுக்க வேண்டும். ‘ஞ’ எக்கேடோ கெட்டுப் போகட்டும். என் பெயர் ‘ச’வில் தொடங்குகிறது. உலகத்தில் எத்தனையோ எழுத்து வெளியே வெயில் காய்கிறது, என்னுடையது மட்டும் உள்ளே ஒளிந்திருக்க வேண்டுமாம்.

சரி, போகட்டும் என்று விட்டேன். மேஜையில் பாதி கிடைத்துவிட்டது. நான்கு ஸ்டூல் வாங்கினேன். கேட்டில் தொங்கவிட ஒரு ஃப்ளெக்ஸ் வேண்டும். அவரே அடித்துத் தருவதாகச் சொன்னார். வேலை முடிந்து, கடை மூடுவதற்குள் அனுப்ப வேண்டும் என்ற அவசரத்தில் மடமடவென்று அடித்து அனுப்பினார். கடைக்காரர் கொடுத்ததை அப்படியே அச்சடித்து, ஆள் விட்டுக் காலையில் கேட்டில் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

பத்து மணிக்கு ஒரு அம்மா மாடியேறி வந்தார்.

“இங்க இனேகா மிஸ்ஸுன்றது யாருங்க?”

“சினேகா. நான்தான்.”

“போர்டுல வேற மாதிரி கீதே. அப்புறம், ஏர்க்கைன்னா இன்னா க்ளாஸ் மேடம்? எம்பொண்ணு நாலாவதுதான் படிக்கிறா.”

கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். என் படம் பெரிதாக, சிரித்த முகமாக இருந்தது. அதற்குக் கீழே இப்படி இருந்தது: இனேகா டியூஷன் என்டர், ஏலையூர். ஏர்க்கை நடைபெறுகிறது.

ஒரு ‘ச’கூட இல்லை, அதோடு சேர வேண்டிய உயிரெழுத்து மட்டும் தனியாக நின்றது. பால் வாங்க வந்தவர்கள், பஸ்ஸுக்குப் போகிறவர்கள் எல்லோரும் படித்துவிட்டுத்தான் போகிறார்கள். தெருவில் நின்று எனக்கு அழுகை வந்தது. பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளின் எழுத்துப் பிழையைத் திருத்தியவள் நான்.

மேலே வந்து கேட்டேன். முதலில் அவர் நம்பவில்லை. போட்டோவைக் காட்டியதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“நேத்து மத்தியானம் ஜமீர் வந்து ‘ச’வை வேற இடத்துக்கு மாத்திக் கொடுத்தான். பழைய ஞாபகத்துல விரல் பழைய இடத்துக்கே போயிடுச்சு போல.”

“பழைய இடத்துல இப்போ என்ன இருக்கு?”

அவர் தயங்கினார். “லைட் கலர் மாத்துற கீ.”

என் பெயரின் முதல் எழுத்தைக் கிளப்பிவிட்டு, அந்த இடத்தில் லைட்டைக் குடி வைத்திருக்கிறார்.

“அப்போ நீங்க என் பேரை அடிக்கும்போது கலர் மாறியிருக்குமே. பார்க்கலையா?”

“பார்த்தேன் சினேகா. தானா மாறுதுன்னு நினைச்சேன். நல்லா இருந்துச்சா, அதையே பார்த்துக்கினு ஸ்க்ரீனைப் பார்க்கல.”

பொய் சொல்லத் தெரியாத ஆளைக் கட்டிக்கொண்டால் இதுதான் தொல்லை. நான் அன்று அவரோடு பேசவில்லை. சாயங்காலம் தானாகவே பரண்மேல் ஏறி, பழைய கீபோர்டை இறக்கித் துடைத்து மேஜையில் வைத்தார். சின்னதைத் துணியில் சுற்றி ஓரமாக ஒதுக்கினார். “இனிமே இதுலதான் அடிப்பேன்,” என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கா, அதற்கா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து மேஜையைப் பார்த்தேன். பழையதின் வால் நான்காவது ஸ்டூலுக்கு எதிரே வந்து நீட்டிக்கொண்டிருந்தது. காலையில் வந்த அம்மாவின் பெண் உட்கார வேண்டிய இடம் அது. போர்டு தப்பு என்று தெரிந்தும் சேர்த்துவிட்டுப் போயிருந்தார்.

“எடுங்க இதை. சின்னதையே வைங்க,” என்றேன். “லைட்டை எடுத்துட்டு அந்த இடத்தை ‘ச’வுக்குக் கொடுங்க.”

கொடுத்தார். லைட்டுக்கு வேறு இடம் பார்க்கவில்லை, அணைத்தே விட்டார். ஃப்ளெக்ஸை மாற்றினோம். பிள்ளைகள் மட்டும் இன்றைக்கும் என்டர் மிஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். இவ்வளவு சின்ன கீபோர்டு தினசரி வேலைக்கு ஆகுமா என்று யாராவது கேட்டால், அவருக்கு ஆகும், மேஜைக்கு ஆகும், எனக்கும் அதற்கும்தான் ஆகாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் ஜமீர் வந்தான். அவர் கடைக்குப் போயிருந்தார்.

“மச்சான் இல்லியா? இத்த காட்டலாம்னு வந்தேன்,” என்று சட்டைப் பையிலிருந்தே ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தான். எங்களுடையதைவிடச் சின்னது. பக்கத்தில் வைத்ததும் எங்களுடையது தடியாகத் தெரிந்தது.

ஜமீர் வீட்டில் இரண்டு மேஜை இருக்கிறது. ஒன்றில் அவன் மனைவி பூச்சாடி வைத்திருக்கிறாள். இங்கே, இடமில்லை என்று அன்று காலையில்தான் ஒரு பையனைத் திருப்பி அனுப்பியிருந்தேன். எனக்கு வயிறு எரிந்தது. ஐந்தாவது ஸ்டூல் எந்தப் பக்கம் வரும் என்று கண்ணாலேயே அளந்து பார்த்தேன்.

“இதுல ‘ச’வை எங்க தம்பி வெச்சிருக்கே?” என்று கேட்டேன்.