பழைய வீட்டுக்குப் பறந்த புறா

புறா வளர்ப்பவர்களின் இணைய ஃபோரத்தில் சேர்ந்தபோது விதிகளை ஒன்றுவிடாமல் படித்தேன். முன்பணம் அனுப்பாதே, பொது இடத்தில் சந்தி, பறவையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடு. அப்படியே செய்தேன். அங்கே விளம்பரம் போட்டிருந்த ஒருவனிடம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் வைத்துப் பந்தயப் புறா வாங்கினேன். கடலூரில் சில வாரம் கூண்டில் வைத்துத் தீனி போட்டுத் திறந்துவிட்டேன். போனது, வரவில்லை. பழகிய வீட்டுக்குத்தான் போயிருக்கும்.

போனில் கேட்டால், "இங்க வரலீங்க" என்றான் அந்த அயோக்கியன். ஃபோரத்தில் அவனைத் திருடன் என்று எழுதிவிட்டு, விலாசம் விசாரித்து நேரே அவன் வீட்டுக்குப் போனேன். மொட்டைமாடியில், காலில் நான் மாட்டிய சிவப்பு வளையத்தோடு புறா நின்றது. அவன் சட்டையைப் பிடித்தேன். என் உதடு கிழியக் குத்தினான். பிறகு புறாவைப் பிடித்து, என் கண்ணெதிரே கழுத்தைத் திருகி, என் கையில் திணித்தான்.

"எடுத்துகினு போடா. இனிமே இங்க வராது."

பஸ்ஸில் என் மடியில் இருந்த பையில் இன்னும் சூடு ஆறவில்லை. அதற்குள் ஃபோரத்தில் அவன் பதில் எழுதியிருந்தான்: "புறாவை நேரில் ஒப்படைத்துவிட்டேன்."

கீழே வரிசையாக லைக் போட்டிருந்தார்கள்.