முதலில் வாய்க்கட்டு

மருந்துப்பெட்டியை மேசைமேல் கவிழ்த்துக் கொட்டியாயிற்று. வேட்டைக் குடிலில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் ஒயின் கோப்பைகளைக் கையில் தூக்கிக்கொண்டார்கள். நெரீனா யாரையும் கவனிக்கவில்லை. உப்புநீர்ப் புட்டியை விளக்கில் காட்டிப் பார்த்தாள். முள் பிடுங்கும் இடுக்கியைத் தன் புருவத்திலேயே சோதித்து, "ஸ்ஸ்" என்று திருப்திப்பட்டாள். கட்டுத்துணி, தோலைப் பூட்டும் ஸ்டேப்ளர், மீந்த உணவைச் சுற்றிவைக்கும் பிளாஸ்டிக் தாள் எல்லாம் உள்ளே போயின. கடைசியாக, கைக்கு முதலில் வரும்படி, நாய் கடிக்காமலிருக்கப் போடும் வாய்க்கட்டு. "வலியில கெடக்கிற நாய்க்கு நீயும் ஒண்ணுதான், பன்னியும் ஒண்ணுதான்" என்பாள்.

மரேம்மா காட்டில் பன்றி வேட்டையாடும் அந்தக் குழுவுக்கு நாய்களை நடத்துபவள் அவள். மற்ற நாட்களில் பேருந்து ஓட்டுகிறாள். துப்பாக்கியைத் தொட்டதில்லை. நாய்களை "வாங்க, போங்க" என்றுதான் அழைப்பாள். மனிதர்களுக்கு அந்த மரியாதை கிடையாது.

குழுத் தலைவர் துயீலியோவுக்கு அந்தப் பெட்டி வெகுநாள் ஒரு வேடிக்கையாக இருந்தது. "டாக்டரம்மா, பிரசவமும் பாப்பீங்களோ?"

"உனக்குன்னா பாக்கிறேன், படு."

போன மாதம் அந்தக் கேலி நின்றது. பன்றியின் கோரைப்பல் பட்டு, அவருடைய நாய் பிரீனாவின் வயிறு கிழிந்து குடல் வெளியே வந்துவிட்டது. அவர் அப்பன் பாட்டன் செய்ததையே செய்யப் போனார்: காயத்தில் ஊற்றக் கிராப்பா சாராயத்தைத் திறந்தார். நெரீனா அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"அதை நீ குடி! அவங்களைக் கொல்லப் பாக்கிறியா? குடலை உள்ள தள்ளாதே. தலையைப் பிடி."

வாயைக் கட்டினாள். உப்புநீரில் நனைத்த துணியைக் குடல்மேல் போர்த்தி, பிளாஸ்டிக் தாளை வயிற்றோடு சுற்றினாள். அவர் ஜீப்பை விரட்ட, பின்னால் நாயை மடியில் ஏந்தி, வழி நெடுக, "பொறுத்துக்குங்க, பிரீனா" என்றபடி வந்தாள். கால்நடை மருத்துவர் தைத்தார். பிரீனா பிழைத்தாள்.

துயீலியோ ஒயின் கொண்டுவந்தார், உப்புக்கண்டம் கொண்டுவந்தார். நன்றி என்ற சொல்லை மட்டும் கொண்டுவர முடியவில்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் என்ற பயம். மனம் அப்படி நிறைந்து கிடந்தது.

தையல் பிரித்த பிறகு பிரீனாவைக் குடிலுக்குக் கூட்டி வந்தார். இறைச்சிப் பங்குக்காகக் கூச்சல் உச்சத்தில் இருந்தது. அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் போனார். "நெரீனா..."

அவள் மண்டியிட்டு, நாயின் வயிற்றில் காதை வைத்து, ஒரு விரலை உயர்த்தினாள். அத்தனை பேரும் வாயை மூடினார்கள். உள்ளே குடல் இரைவது கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது. துயீலியோவின் கையைப் பிடித்து இழுத்துத் தரையில் உட்காரவைத்தாள்; அவரும் கேட்கட்டும் என்று நகர்ந்து இடம் விட்டாள்.